உருளைக்கிழங்கு ஆழம்

பிர்ச் மரத் தளிர் வாசம் மூக்கில் பட்டால் போதும், ஸ்வாலாவுக்குத் தன் இருபது வயதுக் கோடை நினைவுக்கு வந்துவிடும். என்ன கோடை அது! ஐஸ்லாந்தின் வடகரையில் அந்த மீன்பிடி ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் விடுமுறையில் நகராட்சிக்கு வேலை செய்வார்கள். மொட்டை மலையில் நட பிர்ச் மரக்கன்று வளர்க்கும் குழுவுக்கு ஸ்வாலாதான் தலைவி. ஜூலை முடிவதற்குள் மண் நிரப்பிய விதைத் தட்டுகளில் முளை தெரியாவிட்டால் குழுவைக் கலைத்து, பிள்ளைகளைத் தெருக் கூட்ட அனுப்பிவிடுவதாக நகராட்சியில் சொல்லியிருந்தார்கள்.

அதுவரை அவள் நட்டதெல்லாம் உருளைக்கிழங்குதான்.

"விதைய ரெண்டு விரல் ஆழத்துல போட்டு மூடுங்க. இல்லேன்னா காத்து அள்ளிட்டுப் போயிடும்" என்று அடித்துச் சொன்னாள்.

பதினைந்து வயது டீர்ஃபின்னா மட்டும் தவிட்டுத் தூள் போன்ற அந்த விதையை மண்மேல் தூவி, உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இது என்ன கிழங்கா, புதைக்கிறதுக்கு? காட்டுல யாரு வந்து குழி தோண்டுறா?"

"சோம்பேறிக்கு வாய் மட்டும் நீளம்! நாளையிலேருந்து நீ வராத."

அவளும் போய் மீன் ஆலையில் சேர்ந்துவிட்டாள்.

மூன்று வாரமாகியும் தட்டுகளில் வெறும் மண். விதை சரியில்லை என்று ஸ்வாலா பூசி மெழுகினாள். ஒருநாள் காலையில் பார்த்தால், மூலையில் ஒரே ஒரு தட்டு முழுக்கக் கடுகளவு பச்சை. ஓரத்தில் டீர்ஃபின்னாவின் பெயர். ஸ்வாலாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நேரே மீன் ஆலை வாசலுக்குப் போனாள்.

"விதை இன்னும் மிச்சம் இருக்கு. வந்து சொல்லிக் குடேன்."

"யாரு தப்புன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லுவியா?"

"சொல்றேன்."

சொன்னாள். "நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். அவ சொன்னதுதான் சரி." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை.

டீர்ஃபின்னா ஒரு தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "அழுதது போதும். தூவு. தள்ளி நின்னு தூவு, வெளிச்சத்த மறைக்கிற."

ஜூலை முடியுமுன் அத்தனை தட்டும் பச்சை. குழு கலையவில்லை. இருவரும் அப்புறம் முப்பது கோடை சேர்ந்தே ஊர்ப் பிள்ளைகளுக்கு விதை தூவக் கற்றுக்கொடுத்தார்கள்.

டீர்ஃபின்னா இல்லாமல் இது முதல் கோடை. புதுப் பிள்ளைகள் தட்டுகளோடு காத்திருக்கிறார்கள். ஸ்வாலா கை நிறைய விதையை வைத்துக்கொண்டு, தள்ளி நிற்கச் சொல்லி யாராவது அதட்ட மாட்டார்களா என்று நிற்கிறாள்.