அன்னக்கொடி விழுங்கிய சொல்

மலைமேல் இருக்கிற நாயுடுபுரத்தில், சேக் பரீதின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில், சாயங்கால இங்கிலீஷ் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கழுத்தளவு தண்ணீர் வந்தது. அன்றைக்குப் பூம்பாறைப் பூண்டு விலை கொஞ்சம் ஏறியிருந்தது, வத்தலக்குண்டு பஸ் தாமதம், மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. கீழே கடையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சேக் பரீது அதைத் தன் கட்டடத்தின் பெருமையாகவே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வகுப்பு நடத்தியவர் ஜூலியட் டீச்சர். படிக்க வந்தவர்கள் எல்லாரும் டூரிஸ்ட்டை நம்பிப் பிழைக்கிறவர்கள்: ஏரியில் போட் ஓட்டுகிற அடைக்கலம், சாக்லேட் கடை சஜ்ஜாத், லாட்ஜில் அறை பெருக்குகிற அன்னக்கொடி, இன்னும் நாலைந்து பேர். டீச்சர் ஒரு சொல்லைச் சொல்வார், எல்லாரும் சேர்ந்து உரக்கத் திருப்பிச் சொல்வார்கள். நம் பள்ளிக்கூடங்களில் வேறு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? இந்த வகுப்பில் ஒரே ஒரு வித்தியாசம், எந்தச் சொல்லும் முதல் தடவை வாயிலிருந்து வரும்போது அங்கேயே நடந்துவிடும். இரண்டாம் தடவையிலிருந்து அது வெறும் சொல். 'ரெயின்' என்றபோது கூரைக்குக் கீழே மழை பெய்தது. 'டாக்' என்றபோது வந்த நாய் கடை வாசலிலேயே தங்கிவிட்டது. யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. மறுநாளிலிருந்து குடையோடு வந்தார்கள், அவ்வளவுதான்.

உணர்ச்சிகள் பாடத்தில்தான் வினை பிடித்தது. 'ஹேப்பி' சொன்னதும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். 'சேட்' சொல்லி அழுது முகம் வீங்கினார்கள். 'ஆங்ரி' என்ற வேகத்தில் அடைக்கலம் எட்டி சஜ்ஜாத்தின் சட்டையைப் பிடித்துவிட்டான், பிறகு அவனே குனிந்து பட்டனைத் தேடிக் கொடுத்தான். கடைசியாக 'அஃப்ரெய்ட்'. மற்றதெல்லாம் டீ வந்ததும் கலைந்துவிட்டது. பயம் மட்டும் கலையவில்லை. அவரவர் கூடவே படியிறங்கி வீட்டுக்கு வந்து குடியேறிவிட்டது. சஜ்ஜாத் தன் கடை ஷட்டரைத் திறக்கவே பயந்தான். அன்னக்கொடிக்கு மகள் தெருமுனை தாண்டினாலே நெஞ்சு அடித்துக்கொண்டது.

அடுத்த பக்கம் நீச்சல். பேசாமல் அதைத் தாண்டிப் போய்விடலாம் என்றார் டீச்சர். அன்னக்கொடிதான் கேட்கவில்லை. பூம்பாறை போகிற வழியில் புதிதாக ஒரு ரிசார்ட், அதில் வெந்நீர் நீச்சல்குளம். கரையில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும், நீச்சல் சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும். நீச்சல் தெரிய வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. குதித்துத் தூக்க ராபின் என்று தனியாக ஓர் ஆள் இருந்தான். கணவன் விட்டுவிட்டுப் போன வீடு, மகள் காலேஜுக்குப் போகிற வயது.

"எனக்கு இந்தச் சோலிய விட்டா வேற நாதியில்ல டீச்சர். பாதிப் பக்கமாச்சும் சொல்லிக் குடுங்க" என்றாள்.

சொல்லிக் கொடுத்தார். 'வெட்' என்றதும் எல்லாரும் நனைந்தார்கள். 'ஷாலோ' என்றதும் கணுக்கால் வரை தண்ணீர். 'டீப்' கழுத்துக்கு வந்தது. 'ஃப்ளோட்' என்றதும் பெஞ்சும் செருப்பும் ஆட்களும் மிதந்து மேலே போக, ஆட்களுக்குத் தகரக் கூரையில் தலை இடித்தது. ஏரியைச் சுற்றியே பிறந்து வளர்ந்தவர்கள், ஆனால் நீச்சல் தெரிந்தவர் ஒருவர் கிடையாது. ஏரித் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும், அதில் இறங்க விடவும் மாட்டார்கள். பக்கத்தின் கடைசியில் இருந்தது, தண்ணீரில் மூழ்கிச் சாவதற்கான சொல். அதை நானும் இங்கே எழுதப்போவதில்லை. டீச்சர் அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, "ஏசுவே, யாரும் வாயத் தொறக்காதீங்க!" என்று கத்தினார். "ஏசுவே, யாரும் வாயத் தொறக்காதீங்க!" என்று வகுப்பு மொத்தமும் உரக்கத் திருப்பிச் சொன்னது.

அன்னக்கொடி மட்டும் சொல்லவில்லை. அவள் கையிலும் ஒரு புத்தகம் இருந்தது, அந்தச் சொல்லை முன்னாலேயே படித்துவிட்டாள், அது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கண்ணை இறுக்கி மூடி அதை விழுங்கினாள். தண்ணீர் வடிந்துவிட்டது. சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது, நெல்லிக்காய்க் கொட்டை மாதிரி. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். விரலால் தடவினால் அவளுக்குத் தட்டுப்பட்டது.

வேலை கிடைத்தது. ஏதாவது பிள்ளை முங்கினால் அந்தச் சொல்லைச் சொல்லிக் கத்த வேண்டும், ராபின் ஓடி வருவான் என்று மேனேஜர் விளக்கினார். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டி, முடியாது என்று தலையசைத்தாள். தொண்டைக்கட்டு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சீசன் ஆரம்பத்தில் திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு குடும்பத்துச் சிறுமி ஆழமான பக்கம் வழுக்கி விழுந்தாள். ராபின் மோட்டார் அறையில் இருந்தான், கதவருகே போய்க் கத்தினால்தான் அங்கே கேட்கும்.

"கத்துங்களேன்! அவரக் கூப்புடுங்களேன்! மரம் மாதிரி நிக்கிறீங்களே!" என்று பிள்ளையின் தாய் அலறினாள்.

ராபின் என்று கூப்பிடலாம்தான். ஆனால் கொட்டை தொண்டையிலிருந்து ஏறி நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. வாயைத் திறந்தால் முதலில் எது வெளியே விழும் என்று அவளுக்குத் தெரியும். முதல் தடவை சொன்னால் நடந்துவிடும் என்பதும் தெரியும். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய, அந்தப் பிள்ளை குளத்தின் அடிக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவ்வளவு பயம் ஒரு உடம்பில் எப்படித் தங்கியதோ தெரியவில்லை. நீச்சல் தெரியாத தாய் அப்படியே குதித்தாள், அவளும் நேராக அடிக்குப் போனாள். ராபின் வந்து பார்த்தபோது இருவரும் குளத்தின் அடியில் டைல்ஸ் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தாய் பிள்ளைக்கு மூக்கைச் சிந்திவிட்டாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு அடியிலேயே நடந்து வந்து படியேறினார்கள். பிள்ளை பசிக்கிறது என்றது. தாய் நேராகப் போய் அன்னக்கொடியின் கன்னத்தில் அறைந்தாள்.

"நீயெல்லாம் ஒரு மனுசியா?"

அன்னக்கொடி பொத்திய கையை எடுக்கவில்லை.

அதே மாதத்தில் இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி அடியில் நடந்து வந்தார்கள். ஜூலியட் டீச்சர் போய் மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னார். அந்தச் சொல் அவளுக்குள் இருக்கும்வரை, அவள் கண்ணுக்கு எட்டிய தண்ணீர் யாரையும் எடுக்காது என்பது ஊருக்கே தெளிவாயிற்று. சம்பளம் கூட்டினார்கள். ராபின் இப்போது துண்டு மடிக்கிறான். அன்னக்கொடி எவரிடமும் பேசுவதில்லை. "ஒரு வார்த்த பேசும்மா, ஒண்ணே ஒண்ணு" என்று காலேஜிலிருந்து வருகிற மகள் முகத்தைப் பிடித்துக் கேட்பாள். அவள் மகளின் தலையைத் தடவிவிட்டுச் சோறு போடப் போய்விடுவாள்.

மலைக் குளிருக்குச் சளி பிடிக்காமல் இருக்குமா? குளக்கரை நாற்காலியில் மஃப்ளர் சுற்றி உட்கார்ந்திருக்கிற அன்னக்கொடி இருமினால், தண்ணீரில் இருக்கிற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கரையேறி, நடுங்கிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அவள் தொண்டையைத் தடவிப் பார்த்து, ஒரு தடவை விழுங்கி, தலையை ஆட்டுவாள். எல்லாரும் திரும்ப இறங்குவார்கள்.