கண்ணாடிக் கடை அக்காவின் நூற்றுப் பதினெட்டுப் படிகள்

மார்ச் 12, வியாழன். நேற்று எழுதியதில் ஒரு பிழை. மூன்றாம் மாடிக்குப் போகக் கண்ணாடிக் கடை அக்காவுக்கு நூற்றுப் பதினேழு படிகள் என்று குறித்திருந்தேன். சரியான எண் நூற்றுப் பதினெட்டு. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒன்றை விட்டிருக்கிறேன். மற்றவர்களுக்கு அறுபத்தாறுதான், அதை மூன்று முறை சரிபார்த்தாயிற்று.

பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் ஒரு பாடத்தில் தவறினால், தவறியவருக்கு மட்டும் பதின்மூன்று படிகள் கூடும். அலுவலக எழுத்தர் தபாலில் தெரிவிப்பார்: போதிய முன்னேற்றம் இல்லை, தவறிய பாடம் இன்னது, கூடுதல் படிகள் இத்தனை, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும். கட்டடத்தின் உயரம் மாறுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவருடைய பையை வாங்கிக்கொண்டு கூட நடப்பவருக்கும் அதே படிகள்தான்; அதே வகுப்பில் படிக்கும் நான் நேற்று அவர் பையைத் தூக்கியதால்தான் எண்ண முடிந்தது.

அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். முதல் ஆண்டில் மகள் காய்ச்சலில் படுத்த வாரம், புள்ளியியலில் நான்கு மதிப்பெண்ணில் தவறினார். பதின்மூன்று படிகள் வந்தன. அதனால் வகுப்புக்குத் தாமதம், பாடத்தின் தொடக்கம் போயிற்று, அடுத்த தேர்விலும் தவறினார், மேலும் பதின்மூன்று. இப்படியே மூன்று ஆண்டுகளில் நான்கு பாடங்கள். பஸ் ஓட்டும் அவர் கணவர், “நான் மூணு ட்ரிப் அடிச்சிட்டு வந்துட்டேன், நீ இன்னும் மாடி ஏறிக்கிட்டா இருக்க?” என்று கேட்பாராம். பட்டம் வாங்கினால் அக்காவே கண் பரிசோதிக்கலாம். வகுப்புப் பதிவிலிருந்து பெயரை நீக்கிவிட்டால், வேறு யாரோ பார்த்துச் சொன்ன கண்ணுக்குக் கடைசிவரை லென்ஸ் தேய்க்க வேண்டியதுதான்.

நீக்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் குழு இன்று ஐந்தரைக்கு மூன்றாம் மாடியில் கூடியது. மூன்று முறை பெயரைக் கூப்பிடுவார்கள். ஆள் வராவிட்டால் பெயர் போய்விடும். அக்காவும் பையோடு நானும் தொண்ணூறாவது படியில் இருந்தபோது எழுத்தரின் முதல் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும்.

“வந்துட்டேன் சார்! இன்னும் இருபத்தஞ்சுதான்!” என்று அக்கா கத்தினார்.

குழுத் தலைவி, தாவரவியல் பேராசிரியை, எட்டிப் பார்த்தார். “இந்தா தெரியுதே, பத்துப் பன்னெண்டு படி! இதுக்கு இவ்வளவு நேரமா?”

“உங்களுக்குப் பன்னெண்டு மேடம். எனக்கு அப்படி இல்ல.”

தலைவி விடுவிடென்று இறங்கிவந்து, அக்காவின் பையை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு ஏறினார். எட்டாவது படியில் கைப்பிடியைப் பற்றினார். பதினைந்தாவதில் உட்கார்ந்துவிட்டார்.

“அடக் கடவுளே. தினமுமா?”

“தினமும்தான் மேடம். ஞாயிறு லீவு.”

“இத ஏன்மா யாருகிட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கல மேடம்.”

தலைவி அக்காவின் கோப்பைத் திறந்தார். ‘காரணம்’ என்ற கட்டத்தில் நான்கு முறையும் ‘மாணவரைக் கேட்டு நிரப்பவும்’ என்றே எழுதியிருந்தது. மற்ற இரண்டு உறுப்பினர்களும் இறங்கிவந்து, ஆளுக்கொரு பக்கம் பையின் வாரைப் பிடித்தபடி உட்கார்ந்தார்கள். மூன்றாவது முறை பெயரைக் கூப்பிட வேண்டிய எழுத்தர் அதை விட்டுவிட்டு எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்.

கூட்டம் படியிலேயே முடிந்தது. பெயர் நீக்கப்படவில்லை. இந்தப் பருவம் இரண்டு பாடங்கள் போதும். புள்ளியியல் வகுப்பின் முதல் அரைமணி நேரம் படிக்கட்டிலேயே, அக்காவோடு ஏறிக்கொண்டே நடக்கும். உறுப்பினர்களில் ஒருவரான புள்ளியியல் ஆசிரியர், “எனக்கு மூச்சு வாங்குமே” என்றார்.

“அப்ப மெதுவா நடத்துங்க. உங்க கிளாஸ்ல எல்லாருக்கும் அதுதான் வேணும்” என்றார் தலைவி.

படிகளை எடுத்துவிடலாமா என்று யாரும் பேசவில்லை. அது குழுவின் வேலை இல்லை. ஒரு பாடம் தேறினால் பதின்மூன்று தானாகவே போய்விடும், வழக்கம் அதுதான் என்று எழுத்தர் சொன்னார்.

நாளை: ஐந்தே முக்காலுக்குக் கீழ்ப்படியில் நிற்க வேண்டும். முதல் பாடம் சராசரி. சுவரில் எழுத இரண்டு சாக்பீஸ், துடைக்க ஒரு ஈரத்துணி கொண்டுபோக வேண்டும்.