தெருவுக்குப் போட்ட ஏசி

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு டிசம்பரில், திருவொற்றியூரில் ஒரு வீட்டு ஜன்னலில் ஏசி இயந்திரம் ஒன்று திருப்பிப் பொருத்தப்பட்டது. அதன் முகம் தெருவைப் பார்த்திருந்தது. முதுகு அறைக்குள் இருந்தது. குளிர் வெளியே போயிற்று, வெப்பம் உள்ளே வந்தது. பொருத்தியவன் விமல், காசிமேட்டில் மீன் கிடங்கொன்றின் குளிர்சாதன மெக்கானிக். உள்ளே படுத்திருந்தவள் அவனுடைய அக்காள் மலர். அவள் மார்பை ஒட்டிக் கிடந்தது, எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஒன்றே முக்கால் கிலோ எடையோடு வீடு வந்திருந்த பெண் குழந்தை.

அறை இருபத்தெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று செவிலி சொல்லி அனுப்பியிருந்தாள். விடாத மழையிலும் கடற்காற்றிலும், சிமெண்ட் ஓட்டுக் கூரையின் கீழே, அது எளிதான காரியமல்ல. குழந்தையின் தகப்பன் எத்திராஜ் அந்தச் சொல்லைத் தனக்கு மட்டுமே இடப்பட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டான். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு சாயப்பட்டறையின் விறகு பாய்லரைப் பார்த்துக்கொள்பவன் அவன். சாத்தாங்காட்டில் பழைய இரும்பு டிரம் ஒன்றை வாங்கிக் கதவு வைத்து அடுப்பாக்கினான். புகைக்குழாயைச் சுவரைத் துளைத்து வெளியேற்றினான். சவுக்குக் கட்டை எரிந்தது. புகையின் ஓர் இழைகூட உள்ளே வரவில்லை. மூன்று நாட்கள் அவன் முகத்தில் இருந்த நிறைவை, நான்காம் நாள் விமல் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிய அந்த இயந்திரம் துடைத்துவிட்டது.

தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுக் கோவிந்தம்மா தன் பால் பாக்கெட்டை அந்த ஜன்னலின் வெளிக்கம்பியில் தொங்கவிட்டாள்.

"ஊரு ஒலகத்துல வூட்டுக்கு ஏசி போடுவாங்க. எத்திராஜு தெருவுக்குப் போட்டுக்கீறான்!"

"நான் போடலக்கா. மச்சான் போட்டது."

"அதான பார்த்தேன். தாய்மாமன்னா இப்டி இருக்கணும். நீ இன்னாடான்னா டீக்கடை மாதிரி அடுப்பு வச்சிக்கினு கீறே!"

மலர் சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அதுவே முதல் முறை. அந்தச் சிரிப்பை வரவழைத்தவன் தானல்ல என்பது எத்திராஜின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

இயந்திரத்தின் குறையை அவன் மறுநாள் காலை ஆறு மணிக்கே கண்டுகொண்டான். மழை வலுத்திருந்தது. விசிறியின் இரைச்சல் மாறவில்லை. ஆனால் அறைப்பக்கத்தில் அதன் எதிரே நீட்டிய கையில் சூடில்லாத வெறும் காற்றுதான் பட்டது. யோசித்தபோது காரணம் புரிந்தது. போதுமான குளிர் வந்துவிட்டதா என்று உணர்ந்து இயந்திரத்தை நிறுத்தும் உறுப்பு அதன் முகப்புறத்தில் இருந்தது. இப்போது அது தெருவில் இருந்தது. தெரு குளிர்ந்ததும், தன் வேலை முடிந்ததென்று நம்பி இயந்திரம் அடங்கிவிட்டது. அறைக்கு வெப்பம் மிகவும் தேவைப்பட்ட நேரமும் அதுவே.

அவன் அடுப்பில் இரண்டு கட்டைகளைக் கூடுதலாகப் போட்டான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விமல் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவான். அதற்கும் ஒரு பாராட்டு கிடைக்கும்.

ஆனால் அவன் கணக்கு வேறு விதமாகத் திரும்பியது. அவனுடைய நெருப்பு சூட்டைக் காத்ததால், சுவரில் தொங்கிய வெப்பமானி அசையவே இல்லை. வேலைக்குப் போகும் வழியில் தினமும் எட்டிப்பார்த்த விமல் அதைத்தான் முதலில் பார்த்தான்.

"இருபத்தெட்டு! பார்த்தியாக்கா? கல்லு மாதிரி நிக்குது."

"ஒன் கைராசிடா" என்றாள் மலர்.

விறகைப் பிளந்தவன் மூலையில் உட்கார்ந்திருந்தான். இயந்திரம் தோற்பது எல்லோர் கண்ணிலும் பட வேண்டுமானால் தன் அடுப்பு தணிய வேண்டும். குறையைக் கண்டதிலிருந்து நான்காம் நாள் காலை அவன் கட்டையைக் கையில் எடுத்தான், போடவில்லை. விமல் வரும் நேரம்தான். இருபத்தேழு. வரட்டும், பார்க்கட்டும். இருபத்தாறு. அக்காவும் தம்பியும் சேர்ந்தே பார்க்கட்டும். அப்போது துணியிலிருந்து வெளியே நீண்டிருந்த குழந்தையின் பாதத்தை எதேச்சையாகத் தொட்டான். பாய்லர் குழாயில் கை வைத்தே அழுத்தத்தைச் சொல்லக்கூடிய அந்த விரல்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. பாதம் சில்லென்று இருந்தது.

விமல் உள்ளே நுழைந்தபோது அடுப்பு மீண்டும் மூண்டிருந்தது. வெப்பமானி ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் சற்றுப் பொறுத்தால் எதுவுமே நடக்காததுபோல ஆகிவிடும்.

"ஒன் மிஷின் மழைல நின்னுடுது மச்சான்" என்றான் எத்திராஜ். "காத்தாடி மட்டுந்தான் சுத்துது. கைய வச்சிப் பாரு."

விமல் கை வைத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "தெர்மாஸ்டாட்டு வெளியில மாட்டிக்கினு கீது! எத்தினி நாளா மாமா?"

"நாலு நாளா."

"நாலு நாளாத் தெரிஞ்சிக்கினே கம்முனு இருந்தியா?" என்று கேட்டாள் மலர்.

"நெருப்பு போட்டுக்கினுதான இருந்தேன்."

"இன்னிக்கு?"

எத்திராஜ் குனிந்து தணலைக் கிளறினான். விமல் எதையும் கவனிக்காதவன்போல மூடியைக் கழற்றி, அந்த உறுப்பைத் தாண்டி மின்கம்பிகளை நேராக இணைத்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "கரண்டு பூட்டா இது வெறும் டப்பா மாமா. ஒங்க அடுப்பு வோணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். வசைபாடியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான், அந்தப் பெருந்தன்மைதான் எத்திராஜைச் சுட்டது. இன்றைக்கே மின்சாரம் போக வேண்டும் என்று ஒரு கணம் விரும்பியவன், மறுகணமே திங்கட்கிழமையை நினைத்துத் திகைத்தான். அன்றிலிருந்து அவனுக்குக் காலை ஷிப்டு. விடியற்காலையில் மின்சாரம் நின்றால் அடுப்பைப் பார்க்க வீட்டில் அவன் இருக்கமாட்டான்.

"மலரு, இங்க வா. இத எப்டி எரிக்கறதுன்னு காட்றேன்."

அவள் குழந்தையைச் சேலையால் மார்போடு கட்டிக்கொண்டு வந்தாள். அவன் வாய் திறப்பதற்குள் குந்தி, தணலை முன்னால் இழுத்து, கட்டையைச் சாய்த்து வைத்து, கதவை இரண்டு விரல் அளவுக்குத் திறந்துவிட்டாள். நெருப்பு சீராகப் பிடித்தது. அவள் கையிலும் அது அப்படியே எரிந்தது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எப்பக் கத்துக்கினே?"

"படுத்துக்கினே வேற இன்னாத்தப் பார்க்கறது? ஏசியவா பார்ப்பேன்? ஒன்னியத்தான் பார்த்துக்கினு இருந்தேன்."

"காலைலயுமா?"

"காலைலயுந்தான். கட்டைய வச்சிக்கினு குந்திக்கினு இருந்தியே, அதையும்." அவள் எழுந்தாள். "நீ எப்டியும் போடுவேன்னு நம்பிக்கினு இருந்தேன்."