வாளோடு வந்த பெரியப்பா

லெப்பைக்குடிக்காட்டில் சுல்தானா வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அவளுடைய அத்தா ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்தது. 2004இல் நாங்கள் இருவரும் பெரம்பலூரில் பி.எஸ்சி. கடைசி வருஷம். சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறிவிடுவேன். சேர்ந்து படிக்கிறோம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். படித்ததெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் வசனங்கள்தான். கரண்ட் போனால் பாதிச் சண்டை போய்விடும். மிக்சரைத் தின்றுகொண்டு காத்திருப்போம். அந்த மாடியின் சூடு இன்னும் முதுகில் இருக்கிறது.

விளையாட்டில் நான் படைத்தலைவி. கூடவே ஒரு கிழட்டு வீரன் வருவான். ராஜா சொன்னதுதான் அவனுக்குச் சட்டம். திரையில் எழுத்தாக வரும் அவன் இங்கிலீஷை நான் எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்வேன். என் பெரியப்பா உத்திராபதியின் குரலில் சொல்லிச் சொல்லி, அவன் எங்களுக்குப் பெரியப்பாவே ஆகிவிட்டான்.

"பொட்டப்புள்ள பேச்சக் கேட்டா பட நடக்கும்? திருடன அவுத்து வுடுறா பாரு."

நான் வேண்டுமென்றே அவிழ்த்துவிடுவேன். அடுத்த பாலத்தில் அம்பு பறந்தால், முணுமுணுத்துக்கொண்டே என் முன்னால் கேடயம் பிடிப்பார். நிஜப் பெரியப்பா அப்படியில்லை. நான் காலேஜில் சேர்ந்த அன்று பேச்சை நிறுத்தியவர்தான். திட்டிக்கொண்டே கூட நிற்கிற ஒருவரை நான் அந்தத் திரையில்தான் முதலில் பார்த்தேன்.

சுல்தானா திரைப் பெரியப்பாவின் கட்சி. "அவரு சொல்றதுல என்னடி தப்பு? எல்லாரையும் அவுத்து வுட்டா ஊரு என்னாவும்?"

ஜனவரியில் அவளுக்கு நிக்காஹ் முடிவானது. மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற மார்ச்சில் கல்யாணம், ஏப்ரலில் பரீட்சை. எழுதப் போவதில்லை என்று அவளே முடிவு செய்தாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்; பார்க்கும்போதெல்லாம் சண்டை போட்டேன். இந்தச் சண்டையில் அவளையே இழந்துவிடுவேனோ என்ற பயமும் இருந்தது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, விளையாட்டில் கோட்டை வாசலுக்கு வந்தோம். வெளியே எதிரி நாட்டு அகதிகள். கதவைத் திறந்தால் இனி உன்னோடு வரமாட்டேன் என்றார் பெரியப்பா.

"தொறக்காத புள்ள. போயிடுவாரு," என்றாள் சுல்தானா.

"கொழந்தைங்க நிக்குது பாரு. அவரு என்ன, எப்பவும் போல திட்டுவாரு."

திறந்தேன். அவர் திட்டவில்லை. வாளை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திரை ஓரத்தில் அவர் முகம் இருந்த கட்டம் காலியாகிவிட்டது.

சுல்தானா என்னைப் பார்த்தாள். "நான் பரீட்ச எழுதலன்னா நீயும் இப்படித்தான் போவ, இல்ல?"

"தப்புன்னு சொல்லிக்கிட்டேதான் இருப்பேன்."

"சொல்லு. அதயா கேட்டேன்? நிக்காஹ்வுக்கு வருவியா, மாட்டியா?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன்.

நிக்காஹ்வுக்கு முந்தின நாள் மத்தியானம் போய் நின்றேன். அவளுக்கு இரண்டு கையிலும் மருதாணி. அவள் மாமி மர்ஜியா நெய்ச்சோற்றுத் தட்டை என்னிடம் நீட்டி, ஊட்டிவிடச் சொன்னார்.

"கொஞ்சம் பொறுத்திருந்தா டிகிரி வந்துருக்கும். வாயத் தொற."

"அவருக்கு லீவு அவ்ளோதான்டி. தால்சா ஊத்து."

"அவரு லீவுக்காவ ஒன்னோட மூணு வருஷப் படிப்பு போவணுமா? மெல்லு."

"நாளைக்கு வேலைக்குப் போயி மொதலாளிகிட்ட இப்படிப் பேசு, பாக்கறேன்."

"பேசுவேன்."

"அப்ப வூட்டுலதான் கெடப்ப."

மர்ஜியா மாமி எட்டிப் பார்த்தார். "கல்யாணப் பொண்ணுகிட்ட என்னம்மா சண்ட?"

"நீங்க போங்க மாமி," என்றாள் சுல்தானா, வாயில் சோற்றோடு. "இவ இப்பத்தான் வந்துருக்கா."

நான் எலும்பை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த கவளத்தை உருட்டினேன்.