கருவாட்டுக் களத்தில் மூன்று முட்டைகள்

சலோமி அந்த வருடம் குறித்துவைத்த பதினொரு கூடுகளும் நாய்களுக்கே போய்விட்டன. உப்புக்கொத்தி வெறும் மணலில் குழி பறித்து முட்டையிடும் சின்னப் பறவை. காரைக்கால் கரையில் அது ஏன் குறைந்துகொண்டே வருகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

பன்னிரண்டாவது கூடு திருவேட்டக்குடியில், அமுதம் என்ற மீனவப் பெண் கருவாடு காயவைக்கும் களத்தின் நட்டநடுவில் இருந்தது. "இத மட்டும் பாத்துக்குங்கக்கா" என்று கெஞ்சி, தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள் சலோமி.

மறுநாளே அமுதம் கூப்பிட்டாள். "ஒன் குருவிக்கு றெக்க ஒடிஞ்சு போச்சு புள்ள! ஓடியா!"

தங்கியிருந்த தருமபுரத்திலிருந்து ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனால், அமுதம் கூடையைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடிக்கொண்டிருந்தாள். முன்னால் பறவை ஒரு சிறகை இழுத்தபடி நொண்டியது. கூடையைக் கவிழ்க்கும்போதெல்லாம் ஒரு முழம் தள்ளிப் போய் மறுபடி நொண்டியது.

சலோமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நில்லுங்கக்கா! அது நடிக்குது. முட்டைகிட்ட நீங்க போவக் கூடாதுன்னு இழுத்துக்கிட்டுப் போவுது."

அமுதம் நின்றாள். பறவை இரண்டு சிறகையும் விரித்து ஜம்மென்று பறந்தது.

"அடி கள்ளி! மீன் யாவாரிகூட என்னைய இப்புடி ஏமாத்துனதில்ல!" என்று இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள் அமுதம்.

அன்றைக்கே கருவாட்டுப் பாய்களை அப்பால் இழுத்துப் போட்டாள். கூட்டைச் சுற்றிக் குச்சி நட்டுப் பழைய வலையைக் கட்டினாள். பறவை மட்டும் நுழையும்படி அடியில் கொஞ்சம் இடைவெளி விட்டாள். நாய் தலை தெரிந்தால் துடைப்பத்தோடு பாய்ந்தாள்.

இருபத்து நாலாம் நாள் சலோமி எட்டிப் பார்த்தபோது குழி காலியாகக் கிடந்தது. நாய்த் தடம் இருக்கிறதா என்று மணலில் தேடினாள்.

"அங்கயே நில்லு, அசையாத!" என்றது தணிந்த குரல். கொஞ்சம் தள்ளி அமுதம் சிலை மாதிரி நின்றிருந்தாள். அவள் நிழலுக்குள் வெயிலுக்கு ஒதுங்கியபடி, பஞ்சு உருண்டைகளாக மூன்று குஞ்சுகள்!

"விடியக்காலம் பொரிஞ்சிட்டு. இப்ப எங்கிட்ட வந்து ஒண்டிக்கிச்சுங்க. எப்புடி நவுர்றது? காலு மரத்துப்போச்சு."

ஈர மணலிலிருந்து தாய் குரல் கொடுத்தது. நூல் போன்ற கால்களை வைத்துக்கொண்டு மூன்றும் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க, மீன் கூடையோடு போன பெண்களெல்லாம் நின்றுவிட்டார்கள்.

சலோமி நோட்டில் எழுதினாள். அமுதம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மூணுன்னு எழுதுனியா?"

"எழுதிட்டேன்க்கா."

"மூணும் திருவேட்டக்குடி புள்ளைங்கன்னும் எழுது."

அதற்கென்று கட்டம் ஏதும் இல்லை. சலோமி அதை ஓரத்தில் பெரிதாக எழுதினாள்.