நானூற்றுப் பன்னிரண்டு சமன்பாடுகள்

மின்னூல் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவனை ‘ரயில்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் அத்தனை வேகம். கணிதப் புத்தகம் வந்தால் சமன்பாடுகளை ஒவ்வொரு குறியாகத் தட்டச்சு செய்ய அவனுக்குப் பொறுமை கிடையாது. படமாக வெட்டி ஒட்டிவிடுவான். பார்வையற்றவர்களுக்குக் கணினி வாசித்துக் காட்டுவதற்காக ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதாவிட்டால் மென்பொருள் ஏற்காது. அவன் ‘சமன்பாடு’ என்று ஒருமுறை எழுதி, நானூற்றுப் பன்னிரண்டு கட்டங்களிலும் அதையே நிரப்பினான்.

“என்னப்பா, எல்லாத்துக்கும் ஒரே பேரா?” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

“பொய்யா எழுதினேன்? சமன்பாடுதானே சார்!”

இருவரும் சிரித்தார்கள். மென்பொருளும் பச்சை விளக்கைக் காட்டியது.

எட்டு மாதம் கழித்து அக்காவைப் பார்க்கப் போனான். இரண்டு வருடங்களுக்கு முன் நோயில் பார்வை போகும்வரை அவள் கணக்கு டீச்சர். புதிய பாடத்திட்டத்தில் தேர்வு எழுதித் தேறினால் பழைய வேலை திரும்பக் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நினைப்பில்தான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

வாசலிலேயே கணினியின் குரல் கேட்டது. “சமன்பாடு என்பதில் சமன்பாடு என்று பிரதியிட, சமன்பாடு கிடைக்கும். ஆகவே, சமன்பாடு.”

அவன் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றான்.

“வாடா. கேட்டியா கூத்தை? முழுப் புத்தகமும் இப்படித்தான். எங்க வீட்டுக்காரர் படத்தைப் பார்த்து வாசிச்சுக் காட்டினார். ‘ஒரு கொக்கி, அதுக்கு அடியில ஒரு சுழி’ங்கறார். நான் மீன் பிடிக்கவா போறேன்?”

அவள் சிரித்தாள். அவனால் முடியவில்லை.

“தேர்வு எப்பக்கா?”

“நாளைக்கு. போகலைன்னு காலையிலேயே எழுதிக் குடுத்துட்டேன். இது கடைசி வாய்ப்புடா, இனிமே கிடையாது.”

“அக்கா… அந்தப் புத்தகத்தைச் செஞ்சது நான்தான்.”

குரல் இன்னும் படித்துக்கொண்டிருந்தது. அவள் விரலால் தடவிப் பார்த்து அதை நிறுத்தினாள்.

“ஒண்ணை ஒழுங்கா எழுத எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒரு நிமிஷம்.”

“ஒரு நிமிஷம்” என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். “கண்ணு போனப்பகூட கணக்கு என்கிட்ட இருந்துச்சுடா.”

அவன் விசும்பிக்கொண்டே அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் மெல்ல விலக்கிக்கொண்டாள்.

“என்கிட்ட அழாதே. போய் அதைத் திருத்து. பார்க்க முடியாதவங்களும் படிக்க உட்காருவாங்கன்னு நினைச்சு ஒவ்வொண்ணையும் எழுது. அது நீங்க போடற தர்மம் இல்லை, அவங்களுக்குச் சேர வேண்டியது.”