சுருங்கிய டீ-ஷர்ட்

வேலை முடிந்து சிங்கப்பூர் மார்சிலிங்கில் உள்ள எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது என் டீ-ஷர்ட் சோபாவில் கிடந்தது. வீட்டில் போட்டுக்கொள்ள மெத்தென்று இருந்த ஒரே சட்டை. இப்போது சுருங்கி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத்தான் பொருந்தும்.

தம்பி நிதீஷ் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மழை லா, அக்கா. கீழ லாண்டரி டிரையர்ல எல்லாத்தையும் ஒண்ணா போட்டுட்டேன். ஹை ஹீட்.”

“காட்டன் சுருங்கும்னு சொன்னேனே?”

“ஆம்பளப் புள்ளைக்கு என்னடி தெரியும்?” என்றாள் அம்மா. “நீதான் படிச்சவ. இனிமே அவன் துணியையும் நீயே துவைச்சிடு.”

இந்த வீட்டில் முதல் பட்டதாரி நான். அதற்குக் கிடைத்த பதவி உயர்வு இது. கத்துவதற்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் துணிகளை மட்டும் பச்சைத் தண்ணீரில் துவைத்து, இழுபடாமல் தட்டையாக விரித்துக் காயப்போட்டுவிட்டுப் படுத்தேன்.

“அக்கா, என் ஜெர்சி எங்க? நாளைக்கு மேட்ச்!”

“கூடையில. உள்பக்கத்த வெளிய திருப்பிப் போடு. சூடு வைக்காத.”

கொஞ்ச நேரத்தில் வாஷிங் மெஷின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஜெர்சியோடு நின்றது அம்மா.

எழுந்து போனேன். அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கி நிதீஷின் மடியில் போட்டுவிட்டு, மறுபடியும் வந்து படுத்துக்கொண்டேன்.